காட்சியும் கடமையும்

மனிதன் வயிற்றுக்காக மட்டும் பயணம் செய்பவன் அல்லன்; கண்ணுக்காகவும் பயணம் செய்கின்றான். பசித்த உயிர் இரை தேடிப் போவதும், அஞ்சிய உயிர் அடைக்கலம் தேடிப் போவதும் இயற்கை. விலங்கும் பறவையும் அவ்வாறே செய்கின்றன. ஆனால் உண்ணவும் உறங்கவும் வீடு இருக்க, அவ்வீட்டைப் பூட்டிவிட்டு, மனைவி மக்களையும் உடன் அழைத்துக்கொண்டு, அயல்நாட்டு மலையையும் ஆற்றையும் வயல்வெளியையும் கண்டு வருவதற்கென்றே புறப்படுவது மனிதனுக்கு மட்டும் வாய்த்த வழக்கம். அது வீண் வழக்கமும் அன்று. கண்டதால் மனம் விரிகின்றது. தன் ஊரே உலகம் என்னும் எண்ணம் தளர்கின்றது. ஓராண்டு உழைத்த உடல் சில நாள் இளைப்பாறுகின்றது.

எனினும், இப்பயணத்தைப் பற்றி ஒரு வினா உண்டு. பயணச்சீட்டுக்கு விலை கொடுக்கின்றான். விடுதிக்கு வாடகை கொடுக்கின்றான். உணவுக்குப் பணம் கொடுக்கின்றான். காணப்படும் மண்ணுக்கு அவன் என்ன கொடுக்கின்றான்? ஒரு நிலத்தின் அழகைக் கண்டு மகிழ்பவன், அந்நிலம் சுமந்து நிற்கும் துன்பத்தையும் அறிந்திருக்க வேண்டுமா? அறிந்தபின் மகிழ்வது தகுமா? அறியாமல் மகிழ்வது தவறா? பொதுவாகக் கேட்டால் இவ்வினா காற்றில் மிதக்கும். ஓர் ஊரிலும் ஒரு வீட்டிலும் வைத்துக் கேட்டால்தான் அதன் கனம் தெரியும்.

பாக்கார் ஆராங்கில் ஒரு வீடு

கெடா மாநிலத்தில் சுங்கை பட்டாணி நகரை ஒட்டி அமைந்தது பாக்கார் ஆராங். மலாய் மொழியில் அப்பெயர் கரி சுடுதலைக் குறிக்கும். இன்று அங்கே தொழிற்சாலைகளும் நெருங்கிய குடியிருப்புகளும் நிற்கின்றன. சுற்றுவட்டாரமோ ஒரு காலத்தில் பால்மரக் காடு. சுங்கை பட்டாணியை நகரமாக வளர்த்ததே இரப்பர்தான். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியும் போனபின், லயன் வீடுகளில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல இத்தகைய குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்தன. பால் வெட்டிய கைகளின் பேரப்பிள்ளைகள் இன்று தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் பள்ளியிலும் பணியாற்றுகின்றனர்.

அங்கே ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். அத்தகைய குடும்பங்கள் கெடாவில் ஒன்றல்ல, பல. கணவன் மனைவி இருவரும் வேலை செய்பவர்கள். பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். எண்பதைக் கடந்த தாய் ஒருத்தி. பள்ளி விடுமுறைக்குத் தாய்லாந்து நாட்டைச் சுற்றிப் பார்த்து வரலாம் என்று மகன் திட்டமிடுகின்றான். இரயிலில் பாடாங் பெசார் எல்லையைக் கடந்து, ஹாட்யாய் வழியாக வடக்கே சென்று, காஞ்சனபுரியில் இரண்டு நாள் தங்குவது. குவாய் ஆற்றுப் பாலத்தைக் காண்பது. மலையோரமாகச் செல்லும் பழைய இரயிலில் பிள்ளைகளை ஏற்றிக் காடும் ஆறும் காட்டுவது. விடுதிக்குச் சொல்லி ஆகிவிட்டது. இரவு உணவின்போது செய்தி தாயின் காதுக்கு எட்டுகின்றது.

“அந்த ஊருக்கா சுற்றிப் பார்க்கப் போகிறாய், தம்பி? உன் தாத்தாவைத் தின்ற மண் அது” என்கிறாள் தாய்.

மகன் சிறிது நேரம் பேசாதிருக்கின்றான். பின்பு, “அது எண்பது வருடத்துக் கதை, அம்மா. அந்த மண் என்ன செய்யும்? பிள்ளைகள் ஓர் அழகான இடத்தைப் பார்க்கட்டுமே” என்கின்றான்.

இருவரும் ஒருவரையொருவர் நேசிப்பவர்கள். இருவர் சொல்லிலும் நியாயம் இருக்கின்றது. இத்தகைய இடத்தில்தான் அறச் சிக்கல் பிறக்கின்றது. நன்மைக்கும் தீமைக்கும் இடையே எழும் வழக்கைத் தீர்ப்பது எளிது. இரு நியாயங்களுக்கு இடையே எழும் வழக்கு அத்துணை எளிதன்று.

மண்ணின் வரலாறு

தாய் சொன்னது மிகையன்று. 1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவிலும், அன்றைய சயாமின் சிங்கோராவிலும் பட்டாணியிலும் கரையிறங்கியது. அதே நாளில் சுங்கை பட்டாணி விமானத் தளம் குண்டுவீச்சுக்கு உள்ளானது. சில வாரங்களுக்குள் மலாயா முழுவதும் வீழ்ந்தது. மேலை நாடுகளுக்கு இரப்பர் ஏற்றுமதி நின்றது. வாங்குவோர் இல்லாத பாலை வெட்டி என்ன பயன்? தோட்டங்கள் படுத்தன. கூலி நின்றது, அரிசி அரிதாகி மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று.

அந்நிலையில், சயாமிலிருந்து பர்மாவுக்கு இரயில் பாதை அமைக்க ஆள் வேண்டும் என்ற அறிவிப்பு வந்தது. நாட்கூலி உண்டு, உணவு உண்டு, மூன்று மாதத்தில் திரும்பலாம் என்னும் உறுதிமொழியை நம்பிச் சிலர் போயினர். போனவர் திரும்பவில்லை என்று தெரிந்தபின் எவரும் முன்வரவில்லை. அதன்பின் ஆட்பிடிப்பு நடந்தது. சாலையிலும் தோட்டத்திலும் பிடிக்கப்பட்டோர் பலர். இலவசப் படக்காட்சி என்று அழைத்து வளைத்துப் பிடிக்கப்பட்டோரும் உண்டு. அடைத்த சரக்குப் பெட்டிகளில் அவர்கள் நாள்கணக்காகக் கொண்டு செல்லப்பட்டனர். பான் போங் என்னும் இடத்தில் இறக்கப்பட்டு, அங்கிருந்து காட்டுக்குள் நடத்தப்பட்டனர்.

1942-இன் நடுப்பகுதியில் தொடங்கிய அப்பாதை 415 கிலோமீட்டர் நீளமுடையது. 1943 அக்டோபர் 17-ஆம் நாள் இரு முனைகளும் இணைந்தன. மலையும் பெருமழையும் நிறைந்த காட்டை அத்துணைக் குறுகிய காலத்தில் வெட்டி முடித்தது மனித உடலே. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோர் அதில் உழைத்தனர். 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர்களோ ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர், அல்லது அதற்கும் மேல். அவர்களுள் பர்மியர், மலாய்க்காரர், சீனர், சாவகர், தாய்லாந்தியர் ஆகிய அனைவரும் இருந்தனர். மலாயாவிலிருந்து சென்றோர் ஏறத்தாழ 75,000 பேர் என்பது பொதுவாகக் கூறப்படும் மதிப்பீடு. அவர்களுள் பெரும்பகுதியினர் தோட்டத் தமிழர். ஆசியத் தொழிலாளரின் சாவு ஏறத்தாழ 90,000 என்பர். 1943-இன் மழைக்காலத்தில் பரவிய வாந்திபேதி முகாம் முகாமாக உயிர்களை வாரிச் சென்றது.

போர்க்கைதிகளை விடத் தொழிலாளர் மிகுதியாக மாண்டமைக்குக் காரணம் உண்டு. கைதிகளுக்கு அவர்களுடைய அதிகாரிகள் இருந்தனர்; மருத்துவர்கள் இருந்தனர்; நீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் செய்யும் கட்டுப்பாடு இருந்தது. மறைத்து வைத்தேனும் பெயர்ப்பட்டியல் எழுதி வைத்தனர். எவர், எங்கே, எந்நாளில் புதைக்கப்பட்டார் என்பது குறிக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளிக்குத் தலைவனும் இல்லை, மருத்துவனும் இல்லை, எழுதுவோனும் இல்லை. ஆகவேதான், போர் முடிந்தபின் கைதிகளின் எலும்புகள் தேடித் திரட்டப்பட்டன. தொழிலாளரின் எலும்புகள் காட்டோடு காடாகக் கிடந்தன. 1990-இல் காஞ்சனபுரிப் பகுதியில் நிலத்தைத் தோண்டியபோது அத்தகைய எலும்புகள் கூட்டமாக வெளிப்பட்டன.

அயல்நாடு என்னும் சொல்லும் இவ்வரலாற்றில் நிலையாக நிற்கவில்லை. 1909-ஆம் ஆண்டின் ஆங்கில-சயாம் உடன்படிக்கை வரை கெடா, சயாமின் மேலாட்சியில் இருந்த நாடு. பாதை முடிந்த அதே 1943 அக்டோபரில் ஜப்பானியர் கெடாவை மீண்டும் சயாமின் கையில் ஒப்படைத்தனர். தந்தை போய்ச் சேர்ந்த நாடும் கைக்குழந்தை தவழ்ந்த நாடும் அப்போது ஒரே கொடியின் கீழ் இருந்தன. ஆயினும் தந்தை வீடு திரும்பவில்லை.

இன்று அந்நிலம் காண்பதற்கு இனியது. காஞ்சனம் என்பதற்குப் பொன் என்பது பொருள். பொன்னகர் என்னும் பெயருக்கு ஏற்ற வனப்புடையது காஞ்சனபுரி. கரும்பும் மரவள்ளியும் விளையும் வயல்கள்; அவற்றுக்கு அப்பால் நீல மலைகள்; மூங்கில் சூழ்ந்த ஆறு. பழைய பாதையில் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவுக்கு, நாம் தோக் என்னும் ஊர் வரை, இன்றும் இரயில் ஓடுகின்றது. பாறைச் சுவரைத் தழுவி, ஆற்றின் மேலே மரக்கால்களில் நிற்கும் தடத்தில் வண்டி ஊர்ந்து செல்லும்போது பயணிகள் சாளரத்துக்கு வெளியே கை நீட்டி மகிழ்கின்றனர். பாலத்தின் அருகே கடைகளும் உணவகங்களும் நிறைந்துள்ளன. நகரின் நடுவே உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கைதிகள் துயில்கின்றனர். புல்வெளி செம்மையாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு கல்லின் அருகிலும் பூச்செடி நிற்கின்றது. பெரும்பாலான கற்களில் பெயரும் வயதும் பொறிக்கப்பட்டுள்ளன. அவ்வரிசைகளில் தோட்டத் தமிழனின் பெயரைத் தேடிப் பயனில்லை.

இரு வழக்குகள்

தாயின் வழக்கை முதலில் நோக்கலாம். பிறர் துன்பத்தைக் காட்சிப் பொருளாக்குவது இழிவு என்பது அவ்வழக்கின் உயிர்நாடி. உயிரோடு இருப்பவனைப் பார்க்க வேண்டுமானால் அவன் இசைவைக் கேட்கலாம். இறந்தவனிடம் எவ்வாறு கேட்பது? அவன் வாந்திபேதியில் வீழ்ந்த இடத்தில் நின்று, பல் தெரியச் சிரித்துப் படம் எடுத்துக்கொள்வது, அவன் மறுக்க இயலாத நிலையைப் பயன்படுத்திக்கொள்வதாகும். மேலும், அவள் அம்மனிதனின் முகத்தையும் கண்டவள் அல்லள். கைக்குழந்தையாக இருந்தபோது போனவர் அவர். அவரைப் பற்றி அவளுக்கு எஞ்சியிருப்பவை பெயரும், தன் தாய் சொன்ன சில செய்திகளும், ஒரு வெற்றிடமும்தான். அவ்வெற்றிடத்தை உல்லாசப் பயணத்தின் நிறுத்தம் ஒன்றாக ஆக்குவதை அவள் மனம் ஏற்கவில்லை.

மகனின் வழக்கும் எளிதில் தள்ளத்தக்கதன்று. காடு எவரையும் கொல்லவில்லை, கொன்றது அதிகாரம். இன்று பாலத்தருகே பழம் விற்கும் பெண்ணுக்கும் 1943-ஆம் ஆண்டின் கொடுமைக்கும் என்ன தொடர்பு? அவளுடைய வயிறு பயணிகளை நம்பி இருக்கின்றது. துன்பம் நிகழ்ந்த நிலமெல்லாம் மகிழ்ச்சிக்கு விலக்கு என்றால், மனிதன் மகிழ உலகில் இடமே இராது. கெடாவின் பால்மரக் காடுகளும் முதல் தலைமுறைத் தொழிலாளரின் புதைகுழிகள் மேல் தழைத்தவையே. மலேரியாவுக்கு அவர்கள் கொடுத்த பலி சிறிதன்று. அம்மண்ணில் வீடு கட்டி, திருமணம் செய்து, விளக்கேற்றி வாழவில்லையா? இறந்தவர்கள்தாம் என்ன விரும்பியிருப்பர்? தம் வழியில் வருவோர் என்றும் அழுதுகொண்டிருக்க வேண்டும் என்றா? பிள்ளைகள் வயிறார உண்டு சிரித்து வாழ வேண்டும் என்றுதானே மூன்று மாதக் கூலியை நம்பி வண்டி ஏறினர்?

இரு வழக்கிலும் நியாயம் இருப்பது போலவே குறையும் இருக்கின்றது. தாயின் வழியில் எல்லாரும் நடந்தால், உரிமையுள்ளவர் எவரும் அம்மண்ணை மிதிக்க மாட்டார். அப்போது அங்கு நடந்ததைச் சொல்லும் பொறுப்பு முழுவதும் பிறர் கைக்குப் போகும். அது போய்த்தான் விட்டது. 1957-இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆங்கிலத் திரைப்படம் ஒன்றே குவாய் ஆற்றுப் பாலத்தை உலகறியச் செய்தது. அதன் கதை ஐரோப்பியக் கைதிகளைச் சுற்றி அமைந்தது. அப்படத்தின் காடும் ஆறும் காஞ்சனபுரியைச் சேர்ந்தவையும் அல்ல. இலங்கையின் கித்துல்கலைப் பகுதியில் எடுக்கப்பட்டவை. இவ்வாறு, ஒருவர் பட்ட துன்பம் வேறொருவரின் கதையாக, வேறொரு நாட்டின் காட்சியோடு உலகம் சுற்றியது. துக்கம் காக்க வேண்டியவர் ஒதுங்கி நின்றால் துக்கத்தின் முகவரியே மாறிவிடும் என்பதற்கு இது சான்று. தமிழில் ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’ நாவல் 1993-இல் வெளிவந்தது, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ அதன்பின் வந்தது. நிகழ்ச்சிக்கும் முதலில் கூறிய நாவலுக்கும் இடையே அரை நூற்றாண்டு.

மகனின் வழியில் உள்ள குறை வேறு. மண் குற்றமற்றது என்பது உண்மை. ஆனால் காண்பவன் மண் அல்லன். அறியும் ஆற்றல் படைத்தவன். அறியாமல் மகிழ்பவன் குற்றவாளி ஆகான். வெளிநாட்டுச் சிறுவன் ஒருவன் அப்பாலத்தில் ஓடி விளையாடினால் அவனை எவரும் குறை கூறார். அறிய வாய்ப்பிருந்தும், அறிந்தால் விடுமுறை கெட்டுவிடும் என்று முகம் திருப்புவதுதான் குற்றம். அறியாமை வேறு, அறிய மறுத்தல் வேறு. முன்னது மனிதனின் எல்லை. பின்னது மனிதனின் தேர்வு. தேர்வு உள்ள இடத்தில்தான் அறமும் மறமும் உண்டு. “எண்பது வருடத்துக் கதை” என்னும் சொல் இவ்விரண்டில் எதைச் சேர்ந்தது என்று மகன் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மலைவளம் காணச் சென்ற மன்னன்

குடும்பத்தோடு இயற்கைக் காட்சி காணச் சென்ற ஒருவன், அங்கே துன்பத்தின் கதையைக் கேட்டால் என்ன செய்ய வேண்டும்? இவ்வினாவுக்குத் தமிழ் இலக்கியம் நெடுங்காலத்துக்கு முன்பே ஒரு விடை தந்துள்ளது. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் அத்தகைய உல்லாசப் பயணம் ஒன்று வருகின்றது. சேரன் செங்குட்டுவன் தன் தேவி வேண்மாளோடு மலைவளம் காணப் புறப்படுகின்றான். பேரியாற்றங்கரையில் சுற்றத்தோடு தங்குகின்றான். மலைவாழ் மக்கள் காணிக்கைகளோடு வருகின்றனர். வேங்கை மரத்தின் கீழ் ஒரு பெண் பெருந்துயரோடு வந்து நின்றதையும் விண்ணேகியதையும் அவர்கள் மன்னனிடம் சொல்கின்றனர். உடனிருந்த சாத்தனார் அப்பெண்ணின் வரலாற்றை விரித்துரைக்கின்றார்.

மன்னன் அங்கே இரண்டில் ஒன்றைச் செய்திருக்கலாம். துன்பக் கதை கேட்டு இன்பப் பயணம் கெட்டதே என்று அரண்மனைக்குத் திரும்பியிருக்கலாம். அல்லது, அது மதுரையில் நடந்த கதை, நமக்கென்ன என்று அருவியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். இரண்டையும் அவன் செய்யவில்லை. தேவியின் கருத்தைக் கேட்கின்றான். தம் நாட்டுக்கு வந்து சேர்ந்த பத்தினியைப் போற்ற வேண்டும் என்று அவள் கூறுகின்றாள். அவள் சொல்லை ஏற்றுக் கல்லெடுக்க முடிவு செய்கின்றான். அவ்வகையில், கண்ணகி கோட்டம் ஒரு குடும்பச் சுற்றுலாவில் கருக்கொண்டது எனலாம்.

அக்காண்டத்தின் காதைப் பெயர்களைத் தமிழ் மாணவர் அனைவரும் அறிவர்: குன்றக்குரவை, காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து, வரந்தரு காதை. இவற்றுள் பல, தொல்காப்பியப் புறத்திணையியல் நடுகல்லுக்குக் கூறும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்னும் துறைகளின் வழிவந்தவை. இலக்கணத்தில் காட்சி என்பது நடுதற்குரிய கல்லைக் காணுதல். இளங்கோவடிகளோ மலைவளக் காட்சியையும் அப்பெயருக்குள் அடக்கிவிட்டார். எதைக் குறித்தாலும், காட்சி என்பது தொடக்கம், முடிவன்று. கண்டதோடு நின்றவன் முதற் படியிலேயே நின்றவன் ஆவான். இன்றைய பயணியின் பிழை அவன் காண்பதில் இல்லை. காட்சியோடு முடித்துக்கொள்வதில் இருக்கின்றது.

இவ்விலக்கியச் சான்று தாய்க்கும் மகனுக்கும் ஒருங்கே விடை கூறுகின்றது. மலைவளம் காணப் போனது தவறன்று என்பது மகனுக்கு ஆறுதல். கேட்ட கதை கடமையை விதித்தது என்பது தாய்க்கு ஆறுதல்.

கல் சுமந்தவர் யார்?

ஆயினும் வஞ்சிக் காண்டத்தை முழுவதும் படிப்பவர் ஓரிடத்தில் தயங்காமல் இருக்க முடியாது. இமயத்தில் எடுத்த கல்லைச் சுமந்து வந்தவர் யார்? போரில் தோற்ற கனகனும் விசயனும். ஒரு பெண்ணுக்கு இழைக்கப்பட்ட அநீதியை நினைவுகூர எழுப்பிய கோட்டத்தின் கல், போர்க்கைதிகளின் தலையில் ஏறி வந்தது. தமிழ்ப் பெருமிதத்தோடு பலமுறை பேசப்படும் இக்காட்சியைக் காஞ்சனபுரியில் நின்று எண்ணிப் பார்த்தால் நெஞ்சம் சற்றே குறுகும். கைதியின் தோளில் சுமை ஏற்றுவது எந்தக் கொடியின் கீழ் நடந்தாலும் ஒன்றுதான்.

பாக்கார் ஆராங் மக்களுக்கு இவ்வெண்ணம் தொலைவில் உள்ளதன்று. அவர்கள் வாழும் நிலமே பண்டைக் கடாரம். சற்று வடக்கே ஜெராய் மலையடியில் பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில் அடித்தளங்கள் காணக் கிடக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து வரும் பயணிகள் அங்கே சென்று, 1025-ஆம் ஆண்டளவில் கடல் கடந்து வந்த இராசேந்திர சோழனின் வெற்றியைப் பேசி மகிழ்கின்றனர். வரலாற்றை அறிவது நன்று. ஆனால் கடாரம் கொள்ளப்பட்ட நாளில் கடாரத்து வீடுகளில் அழுதவர் எவரும் இல்லையா? காஞ்சனபுரியில் கண்ணீரையும் கடாரத்தில் பெருமிதத்தையும் மட்டும் காண்பவனின் கண் ஒருபக்கம் பழுதுபட்டது. தன் இனத்தவர் பட்ட துன்பத்தை மட்டும் துன்பம் என்பவன், துன்பத்தை நினைக்கவில்லை, இனத்தையே நினைக்கின்றான். சயாம் பாதையில் தமிழனின் அருகிலேயே சாவகனும் பர்மியனும் மலாய்க்காரனும் சீனனும் ஆங்கிலேயனும் மடிந்தனர். அவர்களுள் ஆசியத் தொழிலாளர் பலருக்கும் கல் இல்லை. அவர்களை விலக்கிவிட்டுச் செய்யும் நினைவு அரை நினைவு.

ஆகவே, காட்சியைத் தொடரும் கடமை பழிக்கு வழியாகிவிடக் கூடாது. இன்று ஜப்பானிலிருந்தும் பயணிகள் அப்பாலத்துக்கு வருகின்றனர். அவர்களுள் ஒருவர் கல்லறைத் தோட்டத்தில் தலை குனிந்து நிற்பதைக் கண்டால், அருகில் நிற்கும் தமிழ்ச் சிறுவன் அவரைப் பகைவராக எண்ணுவானா, தன்னைப் போன்றே ஒரு தாத்தாவின் கதையைச் சுமந்து வந்தவராக எண்ணுவானா? அது, அவனுக்கு வீட்டில் கதை எவ்வாறு சொல்லப்பட்டது என்பதைப் பொறுத்தது.

கண்ணோட்டம்

திருக்குறளில் கண்ணோட்டம் என்று ஓர் அதிகாரம் உண்டு. கண்ணை ஓடவிடுதல் என்று சொல்லளவில் பொருள்கொள்ளத்தக்க அச்சொல், வள்ளுவரிடத்தில் அருளோடு நோக்குதலைக் குறிக்கின்றது. அருள் இல்லாத கண் முகத்தில் இருந்தும் பயனற்றது என்பதே அவ்வதிகாரத்தின் சாரம். ஊர் சுற்றிப் பார்ப்பதற்கும் கண்ணோட்டத்துக்கும் உள்ள தொலைவுதான், பயணிக்கும் மனிதனுக்கும் உள்ள தொலைவு.

கண்ணோட்டத்தோடு செல்பவன் என்ன செய்வான்? பெரிய செயல்கள் தேவையில்லை. புறப்படுமுன் வீட்டில் உள்ள முதியவரிடம் கேட்பான்: போனவர் யார், எந்தத் தோட்டத்திலிருந்து, எந்த மாதத்தில், எவரோடு? கேட்டதை எழுதி வைப்பான். எழுதுவோன் இல்லாமையால் இழந்த பெயர்களை இன்று எழுதத் தெரிந்தவர் மீட்க வேண்டும். அக்காலத்தை நேரில் கண்டவருள் எஞ்சியோர் மிகச் சிலர். அவர்களும் மறைந்தபின் கேட்பதற்கு ஒருவரும் இரார். தமிழாசிரியர் ஒருவர் தம் மாணவரிடம் ‘என் விடுமுறைப் பயணம்’ என்று கட்டுரை எழுதச் சொல்வது வழக்கம். ‘என் கொள்ளுத்தாத்தாவின் பயணம்’ என்று ஒருமுறை எழுதச் சொன்னால், வகுப்பறை ஒன்றிலேயே எத்தனை பெயர்கள் வெளிவரும்!

பிஞ்சு மனத்தில் இத்துணைத் துயரத்தை ஏற்றலாமா என்று கேட்கலாம். பிள்ளையின் வயதுக்கேற்ற அளவு என்று ஒன்று உண்டு. இதே தடத்தில் கொள்ளுத்தாத்தா போனார், திரும்பவில்லை என்பது பத்து வயதுக்குப் போதும். ஏன் போனார் என்பதைப் பதினைந்து வயது கேட்கும். ஏன் அவருக்குக் கல் இல்லை என்பதை வளர்ந்தபின் தானே கேட்டுக்கொள்ளும். உண்மையை அளந்து கொடுப்பது பெற்றோரின் கலை, மறைத்துவிடுவது கலையன்று.

கல்லும் இன்று அடியோடு இல்லை என்பதற்கில்லை. இறந்த தமிழர்களின் நினைவாகக் காஞ்சனபுரியில் ஒரு பௌத்தக் கோயில் வளாகத்தில் 2023-இல் நடுகல் எழுந்தது. பாதை முடிந்து எண்பது ஆண்டுகள் கழித்து எழுந்த கல் அது. காட்சிக்கும் நடுதலுக்கும் இடையே ஒரு முழு மனித வாழ்நாள் கழிந்துவிட்டது. வாழ்த்தல் என்னும் துறை இனித்தான் தொடங்க வேண்டும். அது கல்லால் ஆவதன்று. கல்லின் முன் வந்து நின்று, அவர் இவர் என்று பெயர் சொல்லத் தெரிந்த வாயால் ஆவது.

பாக்கார் ஆராங் வீட்டுக்குத் திரும்பலாம். அன்றிரவு எவரும் மேலும் பேசவில்லை. மறுநாள் காலையில் தாய் மகனை அழைத்து, “போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தம்பி. பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுக் கூட்டிப் போ” என்கின்றாள். அவளுடைய வழக்கு முழுவதும் அவ்வொரு சொற்றொடரில் அடங்கியிருந்தது. அவள் தடுத்தது காட்சியை அன்று, அறியாச் சிரிப்பை. மூத்த பேத்தி ஒரு குறிப்பேட்டை எடுத்து வந்து பாட்டியின் அருகில் அமர்கின்றாள். பாட்டி தன் தந்தையின் பெயரைச் சொல்கின்றாள். தோட்டத்தின் பெயரைச் சொல்கின்றாள். வேறு அதிகம் சொல்ல அவளிடம் இல்லை. பேத்தி இரண்டையும் எழுதிக்கொள்கின்றாள். அக்குடும்பத்தில் அப்பெயர் தாளில் ஏறியது அதுவே முதல் முறை.

சரக்குப் பெட்டிகள் சென்ற அதே தடத்தில் இன்று மின்சார இரயில் பாடாங் பெசாருக்கு விரைகின்றது. எல்லையில் அதிகாரி ஒவ்வொருவரின் கடப்பிதழையும் வாங்கி, பெயரைப் பார்த்து, முத்திரையிட்டுத் திருப்பித் தருகின்றார். சென்று திரும்புவோர் என்பதற்கு அது அடையாளம். அப்பெட்டிகளில் சென்றவர்களுக்கு இத்தகைய முத்திரை இருந்ததில்லை. பேத்தியின் பையில் கடப்பிதழோடு குறிப்பேடும் இருக்கின்றது. அவள் ஆற்றைக் கண்டு மகிழ்வாள். மலையைக் கண்டு வியப்பாள். தம்பியோடு சாளரத்துக்குச் சண்டையிடுவாள். அவை யாவும் அவளுக்கு உரியனவே. நடுகல்லின் முன் நிற்கும்போது குறிப்பேட்டைத் திறந்து ஒரு பெயரைப் படிப்பாள்.

காணும் இன்பத்துக்கு மனிதன் செலுத்தக்கூடிய விலை அதுதான். மிகுந்த விலையன்று. ஆயினும் அதைச் செலுத்தாமல் கண்ட எந்த நிலமும் அவன் கண்ட நிலம் ஆகாது.